ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பிரஷர் குறைந்தால்: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கும் பட்டறையில் பல வருடமாக இருக்கிறேன். வண்டி லிஃப்டில் ஏறும் முன்பே வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. "பெட்டியையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்று முகம் வாடி வந்தவர்களில் பலருடைய வண்டி, ஆயில் அளவைச் சரிசெய்ததும் ஓடியிருக்கிறது. சிலருக்கு உண்மையிலேயே பெட்டியைப் பிரிக்க வேண்டியிருந்தது. எது எந்த வகை என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. பிரஷர் குறைவு என்பது காய்ச்சல் மாதிரி. எதனால் வந்தது என்று தேட வேண்டும். அந்தத் தேடலில் மக்கள் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆட்டோமேட்டிக்ல இந்த பிரஷர் எங்கிருந்து வருது? மேனுவல் வண்டியில இப்படி ஒரு பேச்சே இல்லையே?

மேனுவல் வண்டியில் கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங். உங்கள் கால் மிதிப்பது அதை விடுவிக்கத்தான். ஆட்டோமேட்டிக்கில் இது தலைகீழ். உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை இறுக்குவதே ஆயில்தான். ஸ்பிரிங்கின் வேலை விடுவிப்பது. ஆகவே ஆயிலில் அழுத்தம் இல்லையென்றால் பிளேட் பிடிக்காது, இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்கு வேகம் போகாது.

அந்த அழுத்தத்தை உண்டாக்குவது பெட்டியின் முன்பக்கம் இருக்கும் ஒரு பம்ப். இன்ஜினோடு சேர்ந்து சுழன்று, ஆயில் வழியாக அதன் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் கழுத்து அந்தப் பம்பைச் சுற்றுகிறது. வீட்டு சம்ப்பையும் மோட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஆயில் தொட்டி, அதில் மூழ்கியிருக்கும் ஃபில்டர், மேலே மோட்டார் மாதிரி பம்ப், அங்கிருந்து வால்வ் பாடி என்கிற பாதைகள் நிறைந்த அலுமினியப் பலகை. எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வ் மூலமாகச் சொல்கிறது. பிரஷர் ரெகுலேட்டர் வால்வ் மிச்சத்தைத் திருப்பி விடுகிறது. பட்டறையில் இந்த முதன்மை அழுத்தத்தை லைன் பிரஷர் என்போம். கீழே வரும் பல பதில்களுக்கு இந்த சம்ப் மோட்டார் படம் போதும்.

என்னோடது ஏஎம்டி வண்டி. எனக்கும் இது பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. 2014இல் மாருதி செலெரியோவோடு இந்தியாவில் பரவிய ஏஎம்டி, உள்ளுக்குள் சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் இயக்க மட்டும் ஒரு கருவி உண்டு. சிலவற்றில் அது தனி ஆயிலும் சின்ன பம்பும் கொண்டது, சிலவற்றில் வெறும் மின்மோட்டார். ஆயிலில் இயங்கும் வகையில் பிரஷர் குறைந்தால் கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிடும். அதைப் பார்க்கும் முறை வேறு.

இந்தப் பக்கம் முக்கியமாக டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளுக்கானது. கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி வகைக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் சிவிடியில் இரும்பு பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவே இறுக்க இன்னும் பல மடங்கு அழுத்தம் தேவை. அங்கே பிரஷர் குறைந்து பெல்ட் ஒருமுறை நழுவினால் புல்லியின் வழவழப்பான முகத்தில் கீறல் விழும். அந்தக் கீறலோடு மேலும் ஓட்டினால் பெல்ட்டும் போகும். எனவே சிவிடிக்காரர்கள் அறிகுறி தெரிந்ததுமே நிறுத்திவிடுங்கள்.

பிரஷர் குறைஞ்சா வண்டி எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

டிரைவ் போட்டதும் உடனே நகராமல் ஒன்றிரண்டு விநாடி தாமதித்து, பிறகு ஒரு இடியோடு பிடிக்கும். ஓடும்போது கியர் மாறுகிற இடத்தில் ஆர்பிஎம் சட்டென்று ஏறும், வேகம் ஏறாது. "ரேஸ் ஏறுது, வண்டி போகல" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து உயரும் "ஊய்ங்" என்ற முனகல் கேட்டால் பம்ப் காற்றை இழுக்கிறது என்று சந்தேகப்படலாம். சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் போடும் சத்தம் நினைவிருக்கிறதா, கிட்டத்தட்ட அதுவே.

ரிவர்ஸில் முதலில் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பல பெட்டிகளில் ரிவர்ஸுக்கு டிரைவைவிட அதிக அழுத்தம் தேவைப்படும். பம்ப் பலவீனமானால் வீட்டு வாசலில் பின்னால் எடுக்கும்போதுதான் முதலில் தடுமாறும்.

ஸ்கேனர்ல பி0868ன்னு வந்திருக்கு. பெட்டி போச்சா?

பி0868 என்ற பிழைக் குறியீடு வந்தால், கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் சென்சார் காட்டும் அழுத்தமும் பொருந்தவில்லை, வந்தது குறைவு என்று பொருள். அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. ஆயில் குறைந்தாலும் வரும், சென்சார் பொய் சொன்னாலும் வரும், பம்ப் தேய்ந்தாலும் வரும்.

கூட என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். பி0841 சேர்ந்து வந்தால் பிரஷர் சென்சார் அல்லது ஸ்விட்சின் பக்கம் பார்க்க வேண்டும். பி0746 வந்தால் பிரஷரைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டின் பக்கம். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது ஏற்கெனவே பிளேட் நழுவ ஆரம்பித்துவிட்டது, இது கவலைக்குரியது. பி0700 மட்டும் இருந்தால் "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்" என்பதுதான் அர்த்தம். சாதாரண ஸ்கேனர் இன்ஜின் பக்கம் மட்டும் படித்துவிட்டு இதோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் பக்கத்தையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழிக்கும் முன் அது வந்த நேரத்து விவரங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆயில் வெப்பம் எத்தனை, எந்த கியர், வண்டி எவ்வளவு வேகம் என்று ஸ்கேனர் சேமித்து வைத்திருக்கும். "அழிச்சுப் பார்ப்போம், திரும்ப வந்தா பார்ப்போம்" என்று பலர் முதலில் அழித்துவிடுகிறார்கள். கையில் இருந்த நல்ல தடயம் அதோடு போய்விடுகிறது.

இன்னும் முப்பது கிலோமீட்டர்தான் வீடு. மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாமா?

ஆர்பிஎம் ஏறி வண்டி நழுவுகிறது என்றால் வேண்டாம். நழுவும் பிளேட் உரசிச் சூடாகும், சூட்டில் ஆயில் இளகும், இளகினால் பிரஷர் இன்னும் குறையும், இன்னும் நழுவும். ஃபில்டர் மாற்றிச் சரியாகியிருக்க வேண்டிய வண்டி, அந்த முப்பது கிலோமீட்டரில் பிளேட் கருகி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இழுத்துப் போவதிலும் கவனம் வேண்டும். முன்சக்கரத்தில் இயங்கும் ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி நான்கு சக்கரமும் உருள இழுக்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பம்ப் சுற்றாது, உள்ளே உருளும் பாகங்களுக்கு ஆயில் போகாது. முன்சக்கரத்தைத் தூக்கியோ, வண்டியை முழுதாக மேலே ஏற்றியோ கொண்டுபோக வேண்டும். நான்கு சக்கரத்திலும் இயங்கும் வண்டி என்றால் முழுதாக ஏற்றுவது ஒன்றே வழி. ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததும் இதனால்தான்: பம்ப் சுற்றாமல் எந்த கிளட்சும் பிடிக்காது.

ஆயில் லெவல் எப்படிப் பார்க்கிறது? என் வண்டியில டிப்ஸ்டிக்கே இல்லையே.

டிப்ஸ்டிக் இருக்கும் வண்டிகளில் பொதுவான முறை இது: இருபது நிமிடமாவது ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒருமுறை போட்டெடுத்து, பார்க்கில் வைத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பது. "ஹாட்" என்ற கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். ஹோண்டா மாதிரி சில வண்டிகளில் இன்ஜினை அணைத்து ஒரு நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் வண்டிக் கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் அடியில் ஒரு செக் பிளக் இருக்கும். வண்டி லிஃப்டில் சமமாக நிற்க, இன்ஜின் ஓட, ஸ்கேனரில் ஆயில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே குறிப்பிட்ட டிகிரியில் அந்த பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் மெல்லிய இழையாக வடிந்து சொட்டாக மாறும் நேரத்தில் மூடினால் அளவு சரி. பல வண்டிகளில் அந்த வெப்பம் 35 முதல் 45 டிகிரி, சிலவற்றில் 50 முதல் 60.

இங்கேதான் நம் ஊரில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. மே மாத மதியத்தில் நிழலிலேயே 40 டிகிரி இருக்கும்போது, ஓடி வந்த வண்டியின் ஆயில் 40க்கு இறங்கவே இறங்காது. அவசரத்தில் 70, 80 டிகிரியில் பிளக்கைத் திறந்தால் விரிந்து நிற்கும் ஆயில் அதிகமாக வெளியே வந்துவிடும். சரியாகப் பார்த்ததாக நினைத்து மூடுவார்கள். பெட்டியில் ஆயில் குறைந்திருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுத் திறந்தாலும் இதே கதைதான். கோடையில் இந்த வேலைக்கு வண்டியை முதல்நாள் இரவே பட்டறையில் விட்டு, காலையில் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்வேன். வீட்டில் ஜாக்கியை மட்டும் நம்பி, இன்ஜின் ஓடும் வண்டிக்கு அடியில் படுத்து யாரும் இதை முயல வேண்டாம்.

குறைஞ்சாதானே ஆபத்து? அரை லிட்டர் கூடவே ஊத்தி வச்சுக்கலாமா?

கூடாது. அளவு மிஞ்சினால் உள்ளே சுழலும் கியர்கள் ஆயிலைக் கடைய ஆரம்பிக்கும். தயிர் கடைவதுபோல் நுரை வரும். நுரை என்பது காற்று. காற்று அமுங்கிக்கொடுக்கும், அதனால் பிளேட்டுக்குப் போகும் அழுத்தம் குறையும். குறைவாக ஊற்றினால் வரும் அதே அறிகுறிகள் கூடுதலாக ஊற்றினாலும் வரும். டிப்ஸ்டிக்கை உருவும்போது கம்பி முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டியிருந்தால், கூடுதலா குறைவா என்று பார்க்க அளவை மறுபடி முறையாக எடுங்கள்.

ஆயில் நிறத்தை வச்சு ஏதாவது சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் செக்கச் சிவப்பாக இருக்கும், சில கம்பெனிகளுடையது மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும். ஓட ஓடப் பழுப்பாவது இயல்பு. கறுத்து, தீய்ந்த வாடையும் வந்தால் பிளேட் கருகியிருக்கிறது. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். நடுவில் கறுப்புத் துகள் தங்கி, சுற்றிலும் ஆயில் பரவினால் அந்தத் துகள் பிளேட்டின் தோல், அதாவது பிடிப்புக்காக மேலே ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு.

ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீரோ கூலண்டோ கலந்துவிட்டது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. அது உள்ளே ஓட்டையானால் இரண்டும் கலக்கும். கூலண்ட், பிளேட்டில் தோலை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவது பயன் தராது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதுபோல் நின்ற வண்டிகளில் தண்ணீர் வேறு வழியிலும் நுழையும்: பெட்டியின் மேலே காற்று போக வைத்திருக்கும் சின்ன மூச்சுக்குழாய் வழியாக. வெள்ளத்தில் நின்ற ஆட்டோமேட்டிக்கை ஸ்டார்ட் செய்யும் முன்பே கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்த்துவிட வேண்டும். ஓட்டாதவரை தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். ஓட்டினால் பெட்டி முழுக்கக் கலந்துவிடும்.

ஏடிஎஃப்னா எல்லாம் ஒண்ணுதானே? கடையில சிவப்பா இருந்ததை ஊத்திட்டேன்.

ஒன்றல்ல. டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹூண்டாயும் கியாவும் கேட்கும் எஸ்பி-4, ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் 6, ஹோண்டா சிவிடிக்கான எச்சிஎஃப்-2, நிசான் சிவிடிக்கான என்எஸ்-3 எல்லாம் வேறு வேறு கெட்டியும் வேறு வேறு உராய்வுக் குணமும் கொண்டவை. சிவிடியில் சாதாரண ஏடிஎஃபை ஊற்றினால் பெல்ட் நழுவும். தவறாக ஊற்றியிருந்தால் ஓட்டாமல் வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். ஒருமுறை வடித்தால் பாதிதான் வெளியே வரும் என்பதால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

இந்த உராய்வுக் குணத்தை எவ்வளவு கவனமாகக் கலக்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஆரம்பகால ஏடிஎஃப்களில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். பிளேட் வழவழவென்று பிடிக்க அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்கே திமிங்கிலப் பொருள்களுக்குத் தடை வந்ததும், மாற்று மருந்து கண்டுபிடிக்க வேதியியலாளர்கள் நிறைய உழைக்க வேண்டியிருந்தது. நிறம் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

காலையில முதல் தடவை மட்டும் கியர் லேட்டா விழுது. அப்புறம் நாள் முழுக்கச் சரியா ஓடுது. ஏன்?

ஃபுட் வால்வ் ஒழுகும் வீட்டில் காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் ஏற நேரமாகும் இல்லையா? அதேதான். இரவு முழுக்க டார்க் கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் மெல்லக் கசிந்து கீழே தொட்டிக்கு இறங்கிவிடுகிறது. காலையில் பம்ப் அதை முதலில் நிரப்பிவிட்டுத்தான் மற்றதைக் கவனிக்கும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் பார்க்கில் விட்டுவிட்டு டிரைவ் போட்டுப் பாருங்கள். தாமதம் போய்விட்டால் இதுதான். உடனே பெட்டியைப் பிரிக்கத் தேவையில்லை. அளவைச் சரிபார்த்து, மோசமாகிறதா என்று கவனித்து வாருங்கள்.

அரை நிமிடம் கழித்தும் தாமதம் இருந்து, வண்டி சூடான பிறகே சரியாகிறது என்றால் கிளட்ச் டிரம்முக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப் போயிருக்கலாம். சூட்டில் இளகியதும் அவை மூடிக்கொள்கின்றன. அது தானாகக் குணமாகாது.

எனக்கு நேர் எதிர். ஒரு மணி நேரம் ஓடினா வண்டி இழுக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தா நல்லாப் போகுது.

நிறுத்தியதும் சரியாகிறது என்பது முக்கியமான குறிப்பு. ஓட ஓட அழுக்கு ஃபில்டரில் ஒட்டி அடைக்கிறது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நிற்கிறது, அழுக்கு கீழே விழுகிறது, அடுத்த அரை மணி நேரம் ஓடும். இதோடு மேலே சொன்ன முனகல் சத்தமும் இருந்தால் ஃபில்டரைத்தான் முதலில் பார்ப்பேன். இன்னொரு காரணம் சூடு: ஆயில் இளகியதும் தேய்ந்த பம்பிலும் சீலிலும் உள்ளுக்குள்ளேயே கசிவு கூடும். இரண்டையும் பிரித்துச் சொல்வது கேஜ் என்கிற அழுத்தமானி.

ஃபில்டர் மாற்ற ஆயில் தொட்டியை இறக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல் மெல்லியதாக ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு, பித்தளை நிறத் துணுக்கு, தோல் செதில் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. அந்தத் தொட்டியைக் கழுவும் முன் மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.

கேஜ் போட்டுப் பார்க்கிறதுன்னா என்ன? எவ்வளவு காட்டணும்?

பல பெட்டிகளின் பக்கவாட்டில் விரல் நுனி அளவில் ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி, 300 பிஎஸ்ஐ வரை காட்டும் அழுத்தமானியை நீண்ட ஹோஸோடு மாட்டி, முள்ளைக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடிகிற இடத்தில் வைத்து, ஆயில் சூடான நிலையில் ஒவ்வொரு கியரிலும் எழுதிக்கொள்வோம். சில புதிய பெட்டிகளில் இந்த வாய் கிடையாது. அங்கே ஸ்கேனர் காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

சரியான எண் உங்கள் பெட்டியின் சர்வீஸ் கையேட்டில் இருப்பதுதான். ஒரு தோராயமான கணக்குக்கு: பல டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளில் டிரைவில் ஐடிலிங்கில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ரிவர்ஸில் அதைவிடக் கணிசமாக அதிகம், முழு ஆக்சிலரேட்டரில் 150க்கு மேல். கிலோ கணக்கில் காட்டும் கேஜ் என்றால் 1 கிலோ ஏறக்குறைய 14 பிஎஸ்ஐ. சிவிடிக்கு இந்தக் கேஜ் போதாது.

எண்ணைவிட முள் நடந்துகொள்ளும் விதம் அதிகம் சொல்லும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, ரேஸ் கொடுக்கக் கொடுக்க முள் இறங்கினாலோ துடித்தாலோ பம்புக்கு ஆயில் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, அல்லது காற்று இழுக்கிறது. ஐடிலிங்கில் குறைவாக இருந்து 1,500 ஆர்பிஎம்மில் எழுந்து நின்றால் பம்ப் தேய்மானம் அல்லது உள்கசிவு. எல்லா கியரிலும் சரி, மூன்றாவதில் மட்டும் விழுகிறது என்றால் அந்த கியரின் கிளட்ச் சீலில் கசிவு. பம்ப் தப்பித்தது.

கேஜ்ல சரியா இருக்கு, ஸ்கேனர்ல மட்டும் கம்மியா காட்டுது. எதை நம்புறது?

கேஜை நம்புங்கள், கேஜ் நல்லதாக இருந்தால். பிறகு சென்சாரின் வயரிங்கைப் பாருங்கள். பெட்டியிலிருந்து வெளியே வரும் பெரிய கனெக்டரைக் கழற்றினால் உள்ளே சிவப்பாக ஆயில் நிற்பதைப் பல வண்டிகளில் காணலாம். அதன் ஓ-ரிங் கெட்டு, ஆயில் வயருக்குள் ஏறி, கம்ப்யூட்டருக்குப் பொய்க் கணக்கைக் கொடுக்கும். எலி கடித்த வயரும் நம் ஊரில் அடிக்கடி வரும் காரணம்.

சோலனாய்டு மாத்தினா சரியாகிடும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

அளந்த பிறகு மாற்றலாம். பிரஷரைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு பல பெட்டிகளில் ஒரு விசேஷ குணம் கொண்டது: கரண்ட் போகாவிட்டால் பிரஷர் முழுதாக ஏறும். வயர் அறுந்தால் பெட்டி பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த வகையில் சோலனாய்டின் வயர் அறுந்தால் கியர் இடி இடியென்று விழும், நழுவாது. உங்கள் வண்டி நழுவுகிறது என்றால் சோலனாய்டு மின்சாரத்தில் செத்திருக்க வாய்ப்பு குறைவு, அழுக்கில் சிக்கியிருக்கலாம்.

மல்டிமீட்டரில் பார்த்தால் இந்த வகை பெரும்பாலும் சில ஓம்களே காட்டும், 5 ஓம் பக்கம். கியர் மாற்றும் ஆன்-ஆஃப் வகை அதைவிட அதிகம் காட்டும். ஓம் சரியாக இருந்தும் பிரஷர் ஏறவில்லை என்றால் வால்வ் பாடியில் ரெகுலேட்டர் வால்வ் ஓடும் துளையைப் பாருங்கள். அலுமினியத் துளையில் கடினமான வால்வ் லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓடி ஓடி ஒரு பக்கம் தேய்த்துவிடும். விரலால் அசைத்தாலே ஆட்டம் தெரியும். புது சோலனாய்டு போட்டாலும் அந்த இடைவெளியில் ஆயில் தப்பிக்கும். துளையைப் பெரிதாக்கிச் சற்றே பெரிய வால்வ் போடலாம், இல்லையென்றால் வால்வ் பாடியை மாற்ற வேண்டும்.

சீல் கசிவைப் பார்க்க எனக்குப் பிடித்த முறை காற்று. வால்வ் பாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு கிளட்சின் துளையிலும் 30, 40 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்தால், நல்ல கிளட்ச் "டப்" என்று அழுத்தமாகப் பிடிக்கும். கெட்டது "ஸ்ஸ்" என்று மூச்சு விடும். காதை வைத்தே சொல்லிவிடலாம்.

பெட்டியைப் பிரிச்சு வேலை பார்த்து மாட்டின மறுநாளே பிரஷர் இல்லை. எப்படி?

இரண்டு இடத்தைச் சந்தேகப்படுவேன். ஒன்று டார்க் கன்வெர்ட்டர். மாட்டும்போது அதன் கழுத்து பம்பின் பல்லில் முழுதாக உட்கார வேண்டும். சுற்றிச் சுற்றித் தள்ளினால் "டக்", "டக்" என்று படிப்படியாக உள்ளே போகும். கடைசிப் படி போகாமலே பெட்டியை இன்ஜினோடு சேர்த்து போல்ட்டால் இழுத்தால், பம்பின் கியர் உடையும். சேர்த்த பிறகு கன்வெர்ட்டரைக் கையால் சுற்ற முடிய வேண்டும். இன்ஜின் தட்டுக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று மிகச் சின்னது. வேறு ஒரு பட்டறையில் ஃபில்டர் மாற்றிய வண்டி ஒன்று, டிரைவில் நகரவே நகராமல் வந்தது. ஆயில் அளவு சரி, புது ஃபில்டர், புது ஆயில். கேஜ் முள் 20க்கும் 40க்கும் நடுவே துடித்தது. ஃபில்டரை இறக்கினால் அதன் கழுத்தில் புது சீல் இருந்தது. மேலே துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய சீலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சீலும் மோதி, ஃபில்டர் சாய்ந்து, ஒரு நூல் அளவு சந்தில் பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. பழைய சீலைக் கொக்கியால் நெம்பி எடுத்து மறுபடி மாட்டியதும் முள் 65இல் அசையாமல் நின்றது. அந்த உரிமையாளருக்குப் பெட்டி மாற்ற விலை சொல்லியாகியிருந்தது.

1,20,000 கிலோமீட்டர் ஓடிடுச்சு, ஆயில் மாத்தவே இல்லை. இப்ப மாத்தினாதான் பெட்டி போயிடும்ங்கறாங்களே?

இந்தப் பேச்சு வந்த விதம் புரிகிறது. நழுவ ஆரம்பித்த பிறகுதான் பலர் ஆயில் மாற்றக் கொண்டுவருகிறார்கள். மாற்றிய பிறகு பெட்டி போனால் பழி ஆயிலுக்கு. தேய்மானம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. இப்போது நழுவாமல் ஓடுகிறது என்றால் மாற்றுங்கள். ஆனால் மெஷின் வைத்து அழுத்தத்தோடு அலசும் ஃப்ளஷ் வேண்டாம். பல வருட அழுக்கு கிளம்பி வால்வ் பாடியில் போய் உட்காரும். வடித்து ஊற்றுங்கள், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி வடித்து ஊற்றுங்கள். இரண்டு முறையில் முக்கால் பங்கு, மூன்றாவதில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கு புதிதாகிவிடும்.

"வாழ்நாள் முழுக்க மாத்த வேண்டாம்" என்று சில கையேடுகளில் இருக்கும். நம் வெயிலுக்கும் சிக்னல் நெரிசலுக்கும் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

ஆயில்ல கலக்கிற மருந்து பாட்டில் ஒண்ணு விக்கிறாங்களே, ஊத்தலாமா?

ரப்பர் சீலை ஊதவைக்கும் மருந்து சின்ன ஒழுகலைச் சில மாதம் தள்ளிப்போடலாம். தேய்ந்த பம்பையும் வால்வ் துளையையும் அது தொடாது. சிவிடியில் எதையும் கலக்காதீர்கள்.

எல்லாம் மாத்தியாச்சு. ஊர்ல நல்லா ஓடுது. மலை ஏறும்போது மட்டும் பி0868 வருது. இனி என்ன பண்றது?

மலை ஏற்றத்தில் டார்க் கன்வெர்ட்டர் நீண்ட நேரம் நழுவியே ஓடும், அதன் வேலையே அது. அந்த நழுவல் முழுதும் சூடாக ஆயிலில் இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழு ஆளோடும் ஏசியோடும் ஏறினால் சமவெளியில் 85, 90 டிகிரியில் நிற்கும் ஆயில் 120ஐத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் தண்ணீர்போல் ஆன ஆயில், இருக்கிற சின்னக் கசிவு எல்லாவற்றிலும் ஓடிவிடும். வளைவில் வேகம் குறைந்து ஆர்பிஎம் விழும்போது பம்பால் ஈடுகொடுக்க முடியாது.

அதனால் முதலில் குளிர்விக்கும் வழியைப் பாருங்கள். கூலரின் மேல் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா, கூலருக்குப் போய்வரும் ஆயில் குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று. ஸ்கேனரை மாட்டியபடி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை மலை ஏறி, வெப்பம், கேட்ட பிரஷர், வந்த பிரஷர் மூன்றையும் பதிவு செய்யுங்கள். வெப்பம் ஏறிய பிறகே பிரஷர் விழுந்தால் கூலரைச் சரிசெய்து, தேவையானால் தனியாக ஒரு கூலரை முன்னால் பொருத்தினால் போதும். வெப்பம் 90இலேயே நிற்க, பிரஷர் மட்டும் விழுந்தால் பம்பைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஏறும்போது வண்டியை இரண்டாவது கியரிலோ எல் நிலையிலோ வைத்து, ஆர்பிஎம் விழாமல் ஓட்டினால் பம்புக்கும் சுமை குறையும், பட்டறை வரை வண்டியும் வந்து சேரும்.